வகுப்பில் ஒரு பிள்ளை சரியில்லை: வெளியே அனுப்புவதா, வீட்டுக்குப் போன் போடுவதா, தனியே கூப்பிட்டுப் பேசுவதா?

செமஸ்டர் தொடங்கி ஆறாவது வாரம் இருக்கும். மெக்கானிக்கல் இரண்டாம் வருடத்தில் ஒரு பையன், வகுப்பு நடக்கும்போதே கையில் போனோடு எழுந்து வெளியே போவதும் வருவதுமாக இருந்தான். கேட்டால் பதில் இல்லை. ஒரு நாள் கொஞ்சம் அழுத்திக் கேட்டதும், "போகாம என்ன மேம் பண்ணச் சொல்றீங்க" என்று சத்தமாகவே சொல்லிவிட்டான். வகுப்பே சிரித்தது. எனக்குக் கோபம் வந்தது. அவன் போனை வாங்கி, ஸ்டாஃப் ரூம் மேஜை டிராயரில் போட்டுப் பூட்டினேன். எச்.ஓ.டி. (துறைத் தலைவர்) கையெழுத்தோடு மன்னிப்புக் கடிதம் கொண்டுவந்தால்தான் போன் கிடைக்கும் என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

மதியம் டிபன் பாக்ஸைத் திறந்து உட்கார்ந்தால் டிராயர் அதிர்ந்துகொண்டே இருக்கிறது. நிற்கும், இரண்டு வாய் சாப்பிடுவதற்குள் மறுபடி அதிரும். உள்ளே ஸ்டேப்லர் மீது உரசி உரசி ஒரு சத்தம். வீட்டில் யாருக்கும் உடம்பு சரியில்லையோ என்று எடுத்துப் பார்த்தேன். நாற்பத்தேழு மிஸ்டு கால், ஒவ்வொன்றும் ஒவ்வொரு நம்பர். பூட்டியிருந்த திரையிலேயே ஒரு மெசேஜ் தெரிந்தது. அவன் அக்காவின் போட்டோவை யார் யாருக்கு அனுப்பப் போகிறோம் என்று எழுதியிருந்தார்கள். தேர்வுக் கட்டணத்துக்காக, போனிலேயே கடன் தருகிற லோன் ஆப் ஒன்றில் அவன் ஐயாயிரம் ரூபாய் வாங்கியிருந்தான்; அதைக் கேட்டுத்தான் இந்த மிரட்டல்.

மதுரைப் பக்கம் ஒரு சுயநிதிக் கல்லூரியில் பதினாறு வருடமாகக் கணிதம் நடத்துகிறேன். போன வாரம் புதிதாகச் சேர்ந்த ஆசிரியை ஒருவர் என்னிடம் வந்தார். முன் பெஞ்சில் உட்காரும் பெண் ஒருத்தி ஒரு மாதமாகக் கடைசி பெஞ்சுக்குப் போய்விட்டாளாம், பாதி நாள் வருவதில்லையாம், வந்தாலும் தலையைக் கவிழ்த்துக்கொள்கிறாளாம். "வீட்டுக்குப் போன் போட்டுடட்டுமா அக்கா?" என்று கேட்டார். அவருக்குச் சொன்னதைத்தான் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன்.

நம் கல்லூரிகளில் ஒரு ஆசிரியர் கையில் உண்மையில் இருப்பவை ஐந்து வழிகள். வகுப்பை விட்டு வெளியே அனுப்பலாம். தனியே கூப்பிட்டுப் பேசலாம். வீட்டுக்குச் சொல்லலாம். எச்.ஓ.டி., பிரின்சிபல், ஒழுங்குக் குழு என்று மேலே அனுப்பலாம். கவுன்சலரிடமோ மருத்துவரிடமோ சேர்க்கலாம். கண்டுகொள்ளாமல் விடுவதும் ஒரு வழிதான் என்பார்கள். அதை நான் வழியாகவே எண்ணுவதில்லை.

எது நல்லது என்று அளக்க என்னிடம் இருப்பது ஒரே ஒரு கேள்வி. நான் நினைத்தது தப்பு என்று நாளைக்குத் தெரியவந்தால், இன்றைக்குச் செய்ததை மாற்றிக்கொள்ள முடியுமா? முடியும் என்றால் தைரியமாகச் செய்யலாம். முடியாது என்றால், அதற்கு முன்னால் செய்யக்கூடியது எதையாவது விட்டுவிட்டோமா என்று பார்க்க வேண்டும். வகுப்பைக் கலைக்கிற பிள்ளையும் மனம் உடைந்து கிடக்கிற பிள்ளையும் பல நேரம் ஒரே பிள்ளை என்பதால்தான் இந்தக் கேள்வி அவசியமாகிறது. வெளியிலிருந்து பார்த்தால் திமிராகத் தெரிவது உள்ளே பயமாக இருக்கும். டிராயரில் அந்தப் போன் அதிர்ந்ததைக் கேட்ட நாளிலிருந்து, திமிர் என்ற சொல்லை எந்த மாணவனைப் பற்றியும் முதல் வாரத்தில் நான் சொல்வதில்லை.

முதலில், வெளியே அனுப்புவது. இதற்கு ஒரு நியாயம் உண்டு. அறுபது பேர் உட்கார்ந்திருக்கும் இடத்தில் ஒருவனுக்காக ஐம்பத்தொன்பது பேரின் பாடம் போகக் கூடாது. பக்கத்துப் பையனோடு ஓயாமல் பேசுகிறவனை ஒரு பீரியட் வெளியே நிற்கவைத்தால் உலகம் முழுகிவிடாது. ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். அண்ணா பல்கலைக்கழக விதிப்படி 75 சதவீத வருகை வேண்டும். 65-லிருந்து 75-க்குள் இருந்தால் மருத்துவச் சான்று போன்ற காரணம் காட்டித்தான் தேர்வு எழுத முடியும். அதற்கும் கீழே போனால் அந்த செமஸ்டரே போயிற்று. ஏற்கெனவே வருகை குறைந்த பையனை வாரம் இரண்டு முறை வெளியே அனுப்பினால் நவம்பரில் அவன் ஹால் டிக்கெட் இல்லாமல் நிற்கலாம். போன காரணம் அப்போது யாருக்கும் நினைவிருக்காது. அப்புறம் இன்னொன்று: மனது சரியில்லாத பிள்ளையை வெளியே அனுப்பினால் அது எங்கே போகும், யாரோடு இருக்கும் என்று நமக்குத் தெரியாது. எனக்கு அதுதான் பெரிய பயம்.

அதனால் வெளியே அனுப்புவதற்கு முன் வகுப்புக்குள்ளேயே செய்யக்கூடியதைச் செய்துவிடுகிறேன். பேச்சை நிறுத்திவிட்டு அந்தப் பெஞ்சுக்குப் பக்கத்தில் போய் நின்று பாடத்தைத் தொடர்வேன். பாதிப் பேருக்கு அதுவே போதும். "கிளாஸ் முடிஞ்சதும் ரெண்டு நிமிஷம் இரு" என்று அவனுக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொல்வேன். பலர் முன்னால் விவாதத்தில் இறங்கினால் எந்த இருபது வயதுப் பையனும் விட்டுக்கொடுக்க மாட்டான். விட்டுக்கொடுத்தால் நண்பர்கள் முன்னால் அவன் தோற்றவன்.

பொருளைத் தூக்கி எறிவது, அடிக்கக் கை ஓங்குவது என்று போய்விட்டால் கணக்கே வேறு. அப்போது அவனை வெளியே அனுப்ப முயலக் கூடாது, கையைப் பிடித்து இழுக்கவும் கூடாது. மற்றவர்களை வெளியே அனுப்ப வேண்டும். ஒருவரை எச்.ஓ.டி.யிடம் ஓடவிட்டு, கதவைத் திறந்து வைத்து, கதவுப் பக்கம் நின்று, குரலை இறக்கிப் பேச வேண்டும். தேவைப்பட்டால் அவசர உதவி எண் 112.

அடுத்தது தனியே பேசுவது. ஐந்தில் இதைத்தான் நான் முதலில் வைக்கிறேன். தப்பாகப் போனாலும் இழப்பது பத்து நிமிடம்தான். ஆனால் இதை எப்படிச் செய்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

எட்டு மேஜை போட்ட ஸ்டாஃப் ரூமில் பக்கத்தில் நிற்கவைத்து, "என்னடா உன் பிரச்சனை" என்று கேட்பது பேச்சு ஆகாது, அது விசாரணை. லேப் பக்கத்து வராந்தா, நூலக வாசல் திண்ணை, மதியம் காலியாகிற வகுப்பறை என்று ஏதாவது இருக்கும். நாலு பேர் கண்ணில் படவேண்டும், காதில் விழக்கூடாது. மாணவியிடம் பேசும் ஆண் ஆசிரியருக்கு இது ரொம்ப முக்கியம், அவருக்கும் பாதுகாப்பு, அந்தப் பெண்ணுக்கும்.

பேச்சை எங்கே தொடங்குவது? நான் பார்த்ததிலிருந்து. "நாலு வாரமா பின்னாடி உக்கார்ற. மூணு அசைன்மென்ட் வரல. போன இன்டர்னல்ல பேப்பரை அப்படியே குடுத்துட்ட. என்னப்பா ஆச்சு?" இதில் குற்றச்சாட்டு இல்லை, ஊகமும் இல்லை. "லவ் மேட்டரா?" என்று கேட்டால் அங்கேயே கதவு சாத்திக்கொள்ளும். "ஒண்ணும் இல்ல மேம்" என்றுதான் முதலில் வரும். அதற்குப் பிறகு சும்மா இருக்க வேண்டும். அந்த அரை நிமிட மௌனத்தைப் பொறுக்க எனக்கு ஏழெட்டு வருடம் பிடித்தது. ஆசிரியர்களாகிய நமக்கு இடைவெளி வந்தால் நிரப்பித்தான் பழக்கம்.

யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று சத்தியம் செய்துவிடாதீர்கள். "உன் உயிருக்கோ இன்னொருத்தர் உயிருக்கோ ஆபத்துன்னா நான் ஒருத்தர்கிட்ட சொல்லித்தான் ஆகணும். மத்தபடி உன்னைக் கேக்காம சொல்ல மாட்டேன்" என்று முன்னாலேயே சொல்லிவிட வேண்டும். சொல்லிவிட்ட பிறகும் பேசத்தான் செய்கிறார்கள்.

சில பேச்சுகளில் ஒரு வார்த்தை வந்து விழும். "இருந்து என்ன மேம்", "எல்லாருக்கும் பாரம்தான் நான்" என்று. அந்த இடத்தில் பேச்சை மாற்றக் கூடாது. நேராகக் கேட்க வேண்டும்: "செத்துப்போயிடலாம்னு தோணுதா?" கேட்டால் எண்ணத்தைத் தூண்டிவிட்ட மாதிரி ஆகாதா என்று எல்லா ஆசிரியரும் பயப்படுகிறார்கள், நானும் பயந்தேன். ஆகாது. இந்தத் துறையில் வேலை செய்கிற மருத்துவர்கள் திரும்பத் திரும்பச் சொல்வது அதைத்தான். கேட்டால் அந்தப் பிள்ளைக்கு மூச்சு விட ஒரு வழி கிடைக்கிறது. ஆமாம் என்று வந்தால் அதற்கு மேல் அது நம் வேலை அல்ல. ஆனால் அடுத்த கை வந்து பிடிக்கும்வரை நாம் கையை விடவும் கூடாது.

இந்த வழியின் குறையையும் சொல்லிவிட வேண்டும். நேரம் எடுக்கும். அப்புறம், நன்றாகப் பேசுகிற ஆசிரியரைப் பிள்ளைகள் ஒட்டிக்கொள்வார்கள். ராத்திரி பதினொரு மணிக்கு மெசேஜ் வரும். ஒரு கட்டத்தில் அந்தப் பிள்ளைக்கு நாம் மட்டும்தான் ஆதரவு என்று ஆகிவிடும். இருவருக்குமே அது நல்லதல்ல. மூன்றாவது முறை அதே விஷயத்துக்கு உட்கார்ந்தால், இன்னொருவரைச் சேர்க்கும் நேரம் வந்துவிட்டது என்று எடுத்துக்கொள்கிறேன்.

சரி, வீட்டுக்குப் போன் போடுவது. நம் ஊரில் ஆசிரியர்கள் முதலில் கை வைப்பது இதில்தான். கல்லூரிகளும் அதையே ஊக்குவிக்கின்றன; வருகை குறைந்தால் பெற்றோர் கையெழுத்து, இன்டர்னலில் ஃபெயில் என்றால் பெற்றோர் சந்திப்பு. நல்ல எண்ணத்தில் செய்வதுதான். ஆனால் ஐந்தில் திரும்ப எடுக்கவே முடியாத வழி இதுதான் என்று நான் நினைக்கிறேன்.

பல வருடம் முன்னால் எங்கள் துறையில் ஒரு பெண். நல்ல மார்க் வாங்குகிறவள், திடீரென்று வருவது குறைந்தது. வகுப்பு ஆலோசகர் அவள் அப்பாவுக்குப் போன் செய்து, "பொண்ணு சரியா வர்றதில்ல, கொஞ்சம் கவனிங்க" என்று மட்டும் சொன்னார். வேறு ஒரு வார்த்தை கூடச் சொல்லவில்லை. காலேஜுக்குப் போகிறேன் என்று கிளம்புகிற பெண் காலேஜில் இல்லை என்றால் அவள் எங்கே போகிறாள் என்பதற்கு அந்த வீட்டில் ஒரே ஒரு அர்த்தம்தான் இருந்தது. மறுநாள் காலை அப்பா டி.சி. கேட்டு வந்து நின்றார். பெண் பின்னால் சுவரோடு ஒட்டி நின்றாள். அவள் கையில் லேப் ரெக்கார்டு நோட்டு இருந்தது, முடித்துக் கையெழுத்து வாங்க வேண்டியது. அதை யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல் கடைசியில் பியூன் மேஜையில் வைத்துவிட்டுப் போனாள். அந்த வருடமே கல்யாணம். மாதவிடாய் வலியும் ரத்தப்போக்கும் தாங்க முடியாமல்தான் அவள் ஹாஸ்டல் தோழியின் அறையில் படுத்துக் கிடந்தாள் என்பது பிறகு தெரிந்தது. நானும் அதே ஸ்டாஃப் ரூமில்தான் இருந்தேன். அவளைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். நான் கேட்கவில்லை.

சாதி, காதல், பாலின அடையாளம், அடிக்கிற அப்பா, குடிக்கிற அப்பா என்று எந்த வீட்டில் என்ன இருக்கிறது என்று நமக்குத் தெரியாது. அதற்காகப் பெற்றோரை ஒதுக்கிவிடச் சொல்லவில்லை. உயிருக்கு ஆபத்து என்றால் வீட்டுக்குச் சொல்லத்தான் வேண்டும், தாமதிக்கவே கூடாது. மற்ற நேரத்தில் அந்தப் பிள்ளையிடமே கேளுங்கள்: "வீட்ல யார்கிட்ட சொன்னா உனக்கு நல்லது?" பெரும்பாலும் அப்பா பெயர் வராது. அத்தை, பெரிய அக்கா, தாய்மாமா என்று யாராவது ஒருவர் இருப்பார்கள். பிள்ளை பக்கத்தில் இருக்கும்போதே அவரிடம் பேசுங்கள். என்ன சொல்லப் போகிறோம் என்பதை முன்னாலேயே பிள்ளையிடம் சொல்லிவிடுங்கள். இதே போன் அப்போது உதவியாகிவிடும்.

மேலே அனுப்புவதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஒழுங்குக் குழுவுக்குத் தெரிந்தது எச்சரிக்கை, சஸ்பென்ஷன், மன்னிப்புக் கடிதம். கடன் தொல்லைக்கும் தூக்கமில்லாமைக்கும் அதில் மருந்து கிடையாது. பேசியும் மாறாமல் மற்றவர்களை மிரட்டுகிறவனுக்கு அது வேண்டும்தான். ஆனால் சில விஷயங்களில் இது தேர்வே அல்ல, கட்டாயம். ராகிங் அதில் முதலாவது. 1996-இல் அண்ணாமலை பல்கலைக்கழக மருத்துவ மாணவர் நாவரசு கொல்லப்பட்ட பிறகுதான், 1997-இல் தமிழ்நாடு ராகிங் தடைச் சட்டம் வந்தது. பல்கலைக்கழக மானியக் குழுவின் (யு.ஜி.சி.) 2009-ஆம் ஆண்டு விதிகள், புகார் கிடைத்த 24 மணி நேரத்துக்குள் கல்லூரித் தலைவர் போலீசில் எஃப்.ஐ.ஆர். பதிய நடவடிக்கை எடுக்க வேண்டும் என்கின்றன. "நான் பேசிச் சமாதானம் பண்ணிடறேன்" என்று ஒரு ஆசிரியர் அதை மடித்து வைக்க முடியாது. பாலியல் தொல்லை என்றால் 2013-இன் பணியிடப் பாலியல் தொல்லைத் தடுப்புச் சட்டப்படி உள்ளகப் புகார்க் குழுவுக்குப் போக வேண்டும். பலர் மறந்துவிடும் ஒன்று: முதல் வருடத்தில் சேரும்போது நிறையப் பிள்ளைகளுக்கு வயது 17. அவர்கள் விஷயத்தில் பொருந்துவது, 18 வயதுக்குக் கீழ் உள்ளவர்களைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டம். தெரிந்தும் புகார் செய்யாமல் இருப்பதே அதில் குற்றம்.

எந்த வழியானாலும் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். தேதி, நேரம், அவன் சொன்னது, நான் சொன்னது, அவ்வளவுதான். "அடங்காதவன்", "மனநிலை சரியில்லாதவள்" என்ற மாதிரிச் சொற்கள் அதில் இருக்கக் கூடாது. அந்தக் காகிதம் பின்னால் யார் கைக்குப் போகும் என்று சொல்ல முடியாது.

கடைசியாக, கவுன்சலர். 2022-இல் மட்டும் இந்தியாவில் 13,044 மாணவர்கள் தற்கொலை செய்துகொண்டதாக தேசிய குற்ற ஆவணக் காப்பகம் சொல்கிறது. விசாகப்பட்டினத்தில் நீட் பயிற்சியில் இருந்த மாணவி ஒருவரின் மரண வழக்கில், 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் நாடு முழுக்கப் பொருந்தும்படி வழிகாட்டுதல் கொடுத்தது. நூறு மாணவர்களோ அதற்கு மேலோ உள்ள கல்வி நிறுவனங்களில் தகுதி பெற்ற ஒரு கவுன்சலராவது இருக்க வேண்டும், ஆசிரியர்களுக்கு வருடத்தில் இரண்டு முறையாவது பயிற்சி தர வேண்டும், உதவி எண்ணை வகுப்பறையிலும் ஹாஸ்டலிலும் எழுதிப் போட வேண்டும் என்பவை அதில் உண்டு.

உண்மையில் பல கல்லூரிகளில் கவுன்சலர் என்பது கூடுதல் பொறுப்பு கொடுக்கப்பட்ட இன்னொரு ஆசிரியர்தான். இன்டர்னல் மார்க் போடுகிறவரிடம் எந்தப் பிள்ளை மனதைத் திறக்கும்? உங்கள் கல்லூரியில் வெளியிலிருந்து வரும், படித்த கவுன்சலர் இருந்தால் அவர்தான் முதல் தேர்வு. இல்லையென்றால் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ மாவட்டத் தலைமை மருத்துவமனையிலோ மனநல வெளிநோயாளர் பிரிவு இருக்கிறது, காசு இல்லை. தனியார் மருத்துவரின் கட்டணத்துக்குப் பயந்தே போகாமல் இருக்கும் பிள்ளைகளுக்கு இதைச் சொல்ல வேண்டும். உடனே பேச ஒருவர் வேண்டும் என்றால் 14416. 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி-மானஸ் சேவை இது, இரவும் பகலும் இலவசம், தமிழிலேயே பேசலாம். சென்னையில் சினேகா அமைப்பு 1986-லிருந்து தற்கொலைத் தடுப்புக்காகவே வேலை செய்கிறது.

எண்ணைத் துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டால் பெரும்பாலும் அந்தச் சீட்டு பர்ஸிலேயே இருக்கும். என் போனிலிருந்து நானே டயல் செய்து, ரிங் போனதும் அவன் கையில் கொடுத்துவிட்டு, கொஞ்சம் தள்ளிப் போய் நின்றுகொள்வேன். கவுன்சலர் அறை என்றால் வாசல்வரை கூடப் போவேன். "உன்னால முடியலன்னு அனுப்பல. காய்ச்சல் வந்தா டாக்டர்கிட்ட போறோம்ல, அந்த மாதிரி" என்று சொன்னால் போதும்.

சாவைப் பற்றிப் பேசிய பிள்ளையைத் தனியே ஹாஸ்டல் அறைக்கு அனுப்பக் கூடாது. வார்டனோ நெருங்கிய தோழியோ யாராவது வந்து சேரும்வரை கூட இருங்கள். தற்கொலைக்கு முயற்சி செய்துவிட்டதாகத் தெரிந்தால் 108 ஆம்புலன்ஸ்தான். போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்று பயந்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகாமல் வைத்திருந்ததை நான் பார்த்திருக்கிறேன். 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம், முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே எடுத்துக்கொள்ளச் சொல்கிறது, தண்டிக்கக் கூடாது என்கிறது. 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் சட்டத்தில், தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய பழைய 309-ஆவது பிரிவே இல்லை.

லோன் ஆப் பையனை அன்றைக்கு மூன்று மணிக்கு லேப் வராந்தாவில் உட்காரவைத்தேன். முதலில் போனைத் திருப்பிக் கொடுத்தேன், பூட்டி வைத்ததற்கு மன்னிப்பும் கேட்டேன். மன்னிப்புக் கடிதத்தை எழுதியே கொண்டுவந்திருந்தான், அதை வாங்கவில்லை. "அப்பாகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க மேம்" என்று ஆரம்பித்தவன், யாரிடம் சொல்லலாம் என்று கேட்டதும் கொஞ்சம் யோசித்து "அக்கா" என்றான். மிரட்டப்பட்டதே அந்த அக்காவின் படத்தை வைத்துத்தான். என் பக்கத்தில் உட்கார்ந்தே அவளுக்குப் போன் செய்தான். அக்கா திட்டவில்லை, "சாப்பிட்டியாடா?" என்றுதான் முதலில் கேட்டாள். பிறகு சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு மூவருமாகப் புகார் கொடுத்தோம்.

அந்தப் புது ஆசிரியை இதையெல்லாம் கேட்டுவிட்டு, டைரியில் எழுதியிருந்த அந்தக் கடைசி பெஞ்சுப் பெண்ணின் அப்பா நம்பரைக் கோடிட்டு அடிக்காமல், பக்கத்தில் ஒரு கேள்விக்குறி மட்டும் போட்டுக்கொண்டார். நாளை மூன்றாவது பீரியட் முடிந்ததும் அந்தப் பெண்ணோடு நூலகத் திண்ணையில் உட்காரப் போகிறார். அந்த நேரத்து வகுப்பை நான் பார்த்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறேன்.